பாம்பு கடிப்பதற்கு முன் என்ன செய்கிறது?

நஞ்சு பாம்புக்கு இரை பிடிக்கும் கருவி. விழுங்கவே முடியாத ஒரு மனிதர்மேல் அதைச் செலவிட்டால் மறுபடி சுரந்து நிரம்புவதற்கு நாட்கள் பிடிக்கும். அதனால் பெரும்பாலான பாம்புகள் முதலில் நழுவப் பார்க்கும்; வழியில்லை என்றால் அசையாமல் கிடக்கும்; அதுவும் பலிக்காவிட்டால் மிரட்டும். அதற்கப்புறம்தான் கடி. இந்த மிரட்டலைப் புரிந்துகொண்டால் பல கடிகளைத் தவிர்க்கலாம். ஆனால் நம் ஊரில் உயிரைப் பறிக்கும் நான்கு பாம்புகளும் ஒரே மாதிரி மிரட்டுவதில்லை. அதில் ஒன்று, ராத்திரியில், மிரட்டுவதே இல்லை.

நல்ல பாம்பை எல்லோருக்கும் தெரியும். கழுத்து விலா எலும்புகளை விரித்துப் படமெடுக்கும், உடம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நிமிர்த்தும். நிமிர்ந்த உயரம் எவ்வளவோ, கொத்தும் பெரும்பாலும் அவ்வளவு தூரம்தான் எட்டும். நாலடிப் பாம்பு என்றால் ஒன்றரை அடிக்குள். ஆறடி விலகி நின்றால் அது படத்தைச் சுருக்கிக்கொண்டு போய்விடும். கையில் உள்ள கம்பை ஆட்டினால் போகாது, ஆடும் பொருளையே பார்த்துக்கொண்டு நிற்கும். மகுடிக்கு ஆடுவதாகச் சொல்வதும் இதைத்தான். இசைக்கு அதில் வேலையில்லை.

கண்ணாடி விரியனின் முதல் பாதுகாப்பு, கண்ணில் படாமல் கிடப்பது. வைக்கோலிலும் சருகிலும் அதன் பழுப்பு நிறம் அப்படியே கலந்துவிடும். ஆள் வரும் சத்தம் கேட்டால் விலகிப் போகும் என்று நம்பி நடப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கிட்டே போனால் உடம்பைச் சுருட்டி, காற்றை இழுத்து உப்பி, குக்கரில் ஆவி போவதுபோல நீளமாகச் சீறும். சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அடுத்த காலை எடுத்து வைக்காதீர்கள். நின்று, டார்ச் அடித்து, வந்த தடத்திலேயே பின்னால் வாருங்கள். மலைப்பாம்புக் குட்டி என்று கையில் எடுத்துக் கடிபடுகிறவர்களும் உண்டு. மலைப்பாம்பின் திட்டுகள் கோணல்மாணலாக இருக்கும். விரியனின் முதுகில் கறுப்பு விளிம்பிட்ட நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசையாக, சங்கிலி கோத்ததுபோல ஓடும்.

சுருட்டை விரியன் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அவ்வளவுதான். வளையங்களை ஒன்றோடொன்று உரசி, ரம்பம் அறுப்பதுபோலச் சத்தம் எழுப்பும். வறண்ட கல்லுக்காட்டில் கல்லைப் புரட்டும்போது கையை அடியில் நுழைக்காமல் கடப்பாறையால் நெம்புங்கள்.

கட்டு விரியனைப் பகலில் பார்த்தால் தலையைச் சுருளுக்குள் ஒளித்துக்கொண்டு சாதுவாகக் கிடக்கும். இரவில் எலியையும் மற்ற பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவர் புரண்டு அதை அழுத்தினால் உடனே கடி. வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். கொசு என்று நினைத்துத் தூங்கிவிடுவார்கள். விடிகாலையில் வயிற்றுவலி, வாந்தி. பிறகு இமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். தரையில் தூங்கியவருக்குக் காலையில் இமை தூக்க முடியவில்லை என்றால், தடத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தடுக்கும் வழி எளிது: கட்டில், அதில் கொசுவலை, வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுவது. வலை தரையைத் தொட்டுத் தொங்கினால் பயனில்லை.

இவற்றைப் பார்த்து வேஷம் போடும் நஞ்சில்லாத பாம்புகளும் நிறைய. தண்ணீர்ப் பாம்பு கழுத்தைத் தட்டையாக்கிப் படம் காட்டும். ஓநாய்ப் பாம்பின் வெள்ளைப் பட்டைகள் கட்டு விரியன் போலவே இருக்கும். கழுத்துப் பக்கம் தெளிவாகத் தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டு விரியனுக்கு நேர்மாறு. மண்ணுளி தலையைச் சுருளில் புதைத்து, மொட்டை வாலைத் தலைபோலக் காட்டும். அந்தத் தந்திரமே ‘இருதலை’ என்ற பெயரையும் கடத்தல்காரர்களையும் அதற்குத் தேடித் தந்தது. இந்த அடையாளங்கள் தள்ளி நின்று பார்ப்பதற்கு. கையில் எடுத்துச் சோதிக்க அல்ல.

கடி பட்டுவிட்டால் மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல மட்டை வைத்து அசையாமல் செய்யுங்கள். நடக்க விடாதீர்கள். கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் வேண்டாம். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் இறுக்கிய கட்டு, நஞ்சை ஒரே இடத்தில் தேக்கிச் சதையை அழுக வைக்கும். யாராவது ஏற்கெனவே இறுக்கிவிட்டால் வழியில் சட்டென்று அவிழ்க்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தேங்கிய நஞ்சு ஒரேயடியாக உடம்பில் பரவக்கூடும். கடிபட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் 2 மில்லி ரத்தத்தைக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் நஞ்சு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. நம் மருத்துவமனைகளில் உள்ள நச்சுமுறி மருந்து இந்த நான்குக்கும் சேர்த்தே செய்தது. அதற்கான நஞ்சில் பெரும்பகுதியை 1978-இல் தொடங்கிய, சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. கடித்த பாம்பைத் தேடிப்போனால் இரண்டாவது ஆளும் கடிபடலாம். வெட்டிப்போட்ட தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும்.