பக்கத்து வீட்டுக் கூச்சல் ஏன் முந்திக்கொள்கிறது?

ஒலிம்பிக் 100 மீட்டர் இறுதிப்போட்டி. உங்கள் திரையில் வீரர்கள் இப்போதுதான் குனிந்து, தொடக்கக் கட்டையில் காலைப் பொருத்துகிறார்கள். அதற்குள் பக்கத்து வீட்டில் ஒரே ஆரவாரம். பத்து நொடியில் முடியும் ஓட்டம் அங்கே முடிந்தேபோய்விட்டது. இரண்டு வீட்டிலும் ஒரே போட்டிதான் ஓடுகிறது. இரண்டு திரையின் மூலையிலும் 'லைவ்' என்று சிவப்பாக எழுதியிருக்கிறது. பிறகு எங்கிருந்து வந்தது இந்த 20, 30 நொடி?

பழியைத் தூரத்தின் மேல் போடத் தோன்றும். ஆனால் தூரம் அப்பாவி. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 8,000 கிலோமீட்டரைக் கடக்க 40 மில்லிநொடி போதும். செயற்கைக்கோள் வழியாக வந்தால் கொஞ்சம் கூடும். 35,786 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்க ஏறத்தாழ கால் நொடி. 1960 ரோம் ஒலிம்பிக்கின்போது பதிவு நாடாக்களை விமானத்தில் ஏற்றித்தான் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1964 டோக்கியோ போட்டியிலேயே சின்காம் 3 செயற்கைக்கோள் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஆக, தூரம் என்ற சிக்கல் தீர்ந்து அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று நேரத்தைத் தின்பவை இரண்டு: படத்தைச் சுருக்குவது, சுருக்கியதைச் சேர்த்து வைப்பது.

முதலில் சுருக்கம். நொடிக்கு 50 படம் எடுக்கும் முழு எச்டி கேமராவிலிருந்து வரும் சுருக்காத காட்சி நொடிக்குச் சுமார் 2 கிகாபிட். வீட்டுக்கு வந்து சேர்வது 6, 7 மெகாபிட்தான். கிட்டத்தட்ட முந்நூறில் ஒரு பங்கு. இதைச் சுருக்கும் கருவியான என்கோடர் செய்யும் விதம் எளிது: ஒரு படத்தை முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்களில் மாறியதை மட்டும் எழுதுகிறது. ஓடுதளமும் வெள்ளைக் கோடுகளும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. ஓடுபவரின் முழங்கை எங்கே நகர்ந்தது என்று சொன்னால் போதும். இன்னும் சிக்கனம் வேண்டுமென்றால், சில படங்களை முன்னால் உள்ளதோடும் பின்னால் வரப்போவதோடும் ஒப்பிட்டு எழுத வேண்டும். பின்னால் வரப்போவது வந்தால்தானே ஒப்பிட முடியும்? அதனால் காத்திருக்கிறது. நல்ல சுருக்கம் வேண்டும் என்றால் தாமதம் கூடும். இதில் பேரத்துக்கு இடமில்லை.

(நீச்சல் போட்டிதான் என்கோடருக்குப் பரம எதிரி. தண்ணீர் தெறிக்கும்போது ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு படத்திலும் புதுசு, முந்தைய படத்திலிருந்து எடுத்துக்கொள்ள எதுவுமில்லை. பட்டாம்பூச்சி நீச்சலில் வீரரின் தோளைச் சுற்றிப் படம் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான். உங்கள் டிவி மேல் தப்பில்லை.)

சுருக்கம், வர்ணனை, நிலையம் திரையில் சேர்க்கும் எழுத்துகள் எல்லாம் சேர்ந்தாலும் ஆன்டெனா, கேபிள், டிஷ் வழியாக வரும் ஒளிபரப்பு பெரும்பாலும் சில நொடிகள்தான் பின்தங்கும். ஆப் வழியாகப் பார்ப்பவர்தான் அடிபடுகிறார்.

இணையத்தில் நேரலை ஆறு மாதிரி ஓடி வருவதில்லை, வாளி வாளியாக வருகிறது. காட்சியைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக்கி அனுப்புகிறார்கள். பரவலாக உள்ள அளவு துண்டுக்கு 6 நொடி. ஒரு துண்டு முழுதாக நிறையும் வரை அதை அனுப்ப முடியாது. அதோடு உங்கள் ஆப் உஷார்ப் பேர்வழி. ஆகக் கடைசியாக வந்த துண்டைத் தொடாது. வழக்கமாக மூன்று துண்டு பின்னாலிருந்துதான் ஓட்டத் தொடங்கும். மூவாறு பதினெட்டு நொடி அதிலேயே போயிற்று. ஒரே காட்சியை நான்கைந்து தரத்தில் மறுபடி சுருக்கி, ஊர் ஊராக உள்ள சர்வர்களில் வைப்பதற்கும் சேர்த்தால் 25, 30 நொடியைச் சாதாரணமாகத் தாண்டும். 2 நொடித் துண்டு போடும் சேவைகள் இதைச் சரிபாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடுகின்றன. ஆனால் முன்கூட்டியே சேர்த்து வைத்த காட்சியின் கையிருப்பு குறைந்தால் ஆபத்தும் கூடுகிறது. வைஃபை நான்கு நொடி தடுமாறினால், 18 நொடி கையிருப்பு உள்ளவருக்கு அது தெரியவே தெரியாது. 4 நொடி மட்டும் வைத்திருப்பவருக்குத் துப்பாக்கி வெடிக்கும் நேரத்தில் திரையில் சக்கரம் சுற்றும்.

சக்கரம் சுற்றுவதில் இன்னொரு வினை உண்டு, பலர் கவனிப்பதில்லை. நின்றுபோன காட்சி விட்ட இடத்திலிருந்துதான் தொடர்கிறது. ஐந்தைந்து நொடியாக மூன்று முறை நின்றால், அன்று மாலை முழுக்க நீங்கள் 15 நொடி கூடுதலாகப் பின்தங்கியே இருப்பீர்கள். சில ஆப்கள் காட்சியைத் துளி வேகமாக ஓட்டி ஈடுகட்டும், பல அதைச் செய்வதில்லை. எனவே முக்கியப் போட்டிக்கு ஒரு நிமிடம் முன்பு 'லைவ்' பொத்தானை அழுத்துங்கள், இல்லையென்றால் ஆப்பை மூடித் திறங்கள். முடிந்தால் வைஃபையை விட்டுவிட்டுக் கேபிள் செருகுங்கள். முக்கியமாக, செல்பேசியின் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். 'தங்கம்!' என்ற செய்தி சில நூறு பைட்தான். அதைத் துண்டு போடவோ சேர்த்து வைக்கவோ தேவையில்லை. ஓரிரு நொடியில் வந்து, காட்சியை வெகு தூரம் முந்திவிடும்.

ஓட்டம் சீராக இல்லாமல் விக்கி விக்கி நகர்வது போலத் தெரிந்தால் அது வேறு கோளாறு. 50 படக் காட்சியை, நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஓட்டினால், நொடிக்குப் பத்துப் படங்கள் இரண்டு முறை காட்டப்படும். டிவியில் செருகும் கருவியின் செட்டிங்ஸில் 'ஃபிரேம் ரேட்'டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, காட்சிக்கு ஏற்ப மாற்றும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

சரி, 20 நொடி பிந்தினால்தான் என்ன, பார்க்கப்போவது அதே ஓட்டம்தானே? இல்லை. 1990களில் நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளின் மூளையில், வெகுமதியோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களின் துடிப்பை அளந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் செல்கள் துடித்தன. சாறு வரப்போகிறது என்று விளக்கு முன்பே காட்டிக்கொடுக்கப் பழகிய பிறகு, துடிப்பு விளக்குக்கு இடம் மாறியது; சாறு வந்தபோது சலனமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வரவில்லை என்றால் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. குரங்கிலிருந்து சோபாவில் இருக்கும் மனிதருக்கு அப்படியே தாவிவிட முடியாதுதான். ஆனாலும் பக்கத்து வீட்டுக் கூச்சல் அந்த விளக்கின் வேலையைத்தான் செய்கிறது: சந்தோஷத்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள இந்த இடைவெளி வீரர்களின் முகத்திலேயே தெரியும். 1992 பார்சிலோனா போட்டியின் காட்சிகளை விக்டோரியா மெட்வெக், ஸ்காட் மேடி, தாமஸ் கிலோவிச் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் மாணவர்களுக்குக் காட்டி, முக மகிழ்ச்சிக்குப் பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். போட்டி முடிந்த கணத்தில் வெண்கலம் வென்றவர்களுக்கு 7.1, வெள்ளி வென்றவர்களுக்கு 4.8. 1995இல் வெளியான முடிவு இது. வெள்ளிக்காரர் கைநழுவிய தங்கத்தை நினைக்கிறார், வெண்கலக்காரரோ வெறுங்கையோடு போகாமல் தப்பித்ததை நினைக்கிறார். நம் வீரர் வெள்ளி வாங்கும்போது சோபாவில் கைதட்டலும் பெருமூச்சும் சேர்ந்தே வருவதற்கும் இதே கணக்குத்தான்.

ஆனால் எந்தக் கூச்சலும் கெடுக்க முடியாத ஓர் ஓட்டம் 2024 ஆகஸ்ட் 4 அன்று பாரிஸில் நடந்தது. ஆண்கள் 100 மீட்டரில் அமெரிக்காவின் நோவா லைல்ஸும் ஜமைக்காவின் கிஷேன் தாம்சனும் கோட்டைக் கடந்தபோது யார் முதலில் என்று யாருக்கும் தெரியவில்லை. தாம்சன்தான் ஜெயித்தார் என்று லைல்ஸே நினைத்தார். பலகையில் 'ஃபோட்டோ' என்ற ஒற்றைச் சொல்: முடிவுக்கோட்டுப் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று அர்த்தம். லைல்ஸ் 9.784, தாம்சன் 9.789 நொடி. வித்தியாசம் 5 மில்லிநொடி. தொலைக்காட்சியின் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 20 மில்லிநொடி இருக்கிறது. எத்தனை முறை மெதுவாக ஓட்டினாலும் அந்த இடைவெளிக்குள் நடந்தது சாதாரண கேமராவில் பதிவாகவே இல்லை.

முடிவுக்கோட்டுக் கேமராவின் வேலையே வேறு. அது அரங்கத்தைப் பார்ப்பதில்லை. கோட்டை மட்டும், ஒரு மெல்லிய கீற்றாக, நொடிக்கு 40,000 முறை வரை எடுத்து அருகருகே அடுக்குகிறது. அதில் வரும் படத்தின் அகலம் தூரமல்ல, நேரம். கால் முந்தினாலும் கணக்கில்லை. தலை, கை, கால் நீங்கலாக உடலின் நடுப்பகுதி கோட்டைத் தொடும் கீற்றைத்தான் நடுவர்கள் தேடுகிறார்கள். அந்த வேகத்தில் 5 மில்லிநொடி என்பது 200 கீற்று, ஓடுதளத்தில் ஐந்தாறு சென்டிமீட்டர்.

நடுவர்கள் அதை அளந்து முடிக்கும் வரை அரங்கத்தில் இருந்தவர்களும் கேபிளில் பார்த்தவர்களும் 30 நொடி பிந்தி ஆப்பில் பார்த்தவர்களும் ஒரே அளவு நேரம் காத்திருந்தார்கள். அன்று பக்கத்து வீட்டில் கூச்சல் கேட்டிருந்தாலும், கோட்டைக் கடந்ததும் கத்திய அந்த மனிதருக்கும் யார் ஜெயித்தது என்று தெரிந்திருக்காது.