அதே சாமான், அதே நம்பர்: மெசின் ஏன் ஏற்கவில்லை?

கொடிகாமத்தில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மாசி மாதம், அரிவி வெட்டு நடந்துகொண்டிருக்கும்போது, வாடகைக்கு ஓடும் அவருடைய அறுவடை இயந்திரம் இழுவை குறைந்து வயலுக்குள்ளேயே நின்றுவிட்டது. உள்ளூர் மெக்கானிக் வந்து பார்த்து, இன்ஜெக்டர் ஒன்று பழுது என்று சரியாகவே கண்டுபிடித்தார். புதிது வாங்கிப் பூட்டினார்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. ஆனால் நடுங்கியது, வேகம் ஏறவில்லை, திரையில் மஞ்சள் விளக்கும் அணையவில்லை. கொழும்பில் இருந்து ஒருவர் லப்டொப்போடு வந்து, கேபிளைச் செருகி, கால் மணித்தியாலம் எதையோ தட்டிவிட்டுப் போன பிறகுதான் மெசின் மறுபடி வயலில் இறங்கியது. அதற்குள் மூன்று நாள் போய்விட்டது. இரண்டாம் நாள் மழை.

"அதே சாமான், அதே நம்பர். பிறகேன் அது ஏற்குதில்லை? வந்தவர் அப்பிடி என்னதான் செய்தவர்?" என்பது அவருடைய கேள்வி.

முதலில் இன்ஜெக்டர், அதாவது எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் முனை. இன்றைய டீசல் எஞ்சின்களில் எரிபொருள் 1,600 பார், சிலவற்றில் அதற்கும் மேற்பட்ட அழுத்தத்தில் காத்திருக்கும். கார் ரயருக்குள் இருப்பது ஏறத்தாழ 2 பார் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் உள்ள டீசலை, 0.1 மில்லிமீற்றர் அளவுள்ள துளைகள் வழியாக, ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமளவுக்கு இன்ஜெக்டர் திறந்துவிட்டு மூடவேண்டும். இவ்வளவு நுணுக்கம் என்று வந்துவிட்டால் ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு இன்ஜெக்டர்கள்கூட ஒன்றாக இருக்காது. ஒன்று ஒரு துளி கூடுதலாக விடும், மற்றது ஒரு துளி குறைவாக விடும். அதனால் ஒவ்வொன்றையும் தொழிற்சாலையில் சோதித்து, அதன் குணத்தை ஒரு குறியீடாக அதன் தலையிலேயே பொறித்துவிடுகிறார்கள். எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியான ஈ.சீ.யூ.வுக்கு அந்தக் குறியீட்டைச் சொன்னால், அது திறக்கும் நேரத்தை அதற்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

கொழும்பில் இருந்து வந்தவர் பெரும்பாலும் செய்தது இதைத்தான். இன்ஜெக்டரின் தலையில் இருந்ததைப் பார்த்துத் தட்டச்சு செய்தார். உங்கள் கையில் இருந்த சாமானில், உங்கள் கண் முன்னால் எழுதியிருந்ததைத்தான்.

சரி, அதை ஏன் உங்கள் மெக்கானிக்கால் செய்ய முடியவில்லை? அதைப் புரிந்துகொள்ள இயந்திரத்துக்குள் ஓடும் இரண்டு வயர்களைப் பற்றிப் பேசவேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் ஒவ்வொரு விளக்குக்கும் மானிக்கும் தனித்தனி வயர். சென்சர்கள் பெருகியபோது வயர்க்கட்டு கைத்தடிப்பம் ஆகிவிட்டது. ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் 1983இல் இதற்கு ஒரு வழி தேடத் தொடங்கி, 1986இல் 'கேன்' என்ற முறையை வெளியிட்டது. எல்லாக் கணினிகளும் ஒரே சோடி வயரில் தொங்கும். தலைவர் என்று ஒருவரும் கிடையாது. யார் வேண்டுமானாலும் பேசலாம், எல்லோருக்கும் கேட்கும். அப்படியானால் இரண்டு பேர் ஒரே கணத்தில் பேசத் தொடங்கினால்?

முற்றத்தில் உடுப்புக் காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். முருங்கையில் இருந்து மாமரம் வரை இழுத்துக் கட்டிய கயிறு. கும்மிருட்டு. மூன்று பேர் வெவ்வேறு இடங்களில் கயிற்றில் கைவைத்து நிற்கிறார்கள். ஒருவர் கீழே இழுத்தால் கயிறு எல்லோருக்கும் கீழேதான். எல்லோரும் விட்டால் மட்டுமே மேலே நிற்கும். இழுப்பது 0, விடுவது 1. ஒவ்வொரு செய்தியும் தன் இலக்கத்தைச் சொல்லித்தான் தொடங்கவேண்டும். பிரேக்கின் இலக்கம் 0010, எஞ்சினுடையது 0011, விளக்குடையது 0110 என்று வைப்போம். மூன்றும் ஒன்றாகத் தொடங்குகின்றன.

முதல் இலக்கம் மூவருக்கும் 0. மூவரும் இழுக்கிறார்கள், கயிறு கீழே. இரண்டாவதில் பிரேக்கும் எஞ்சினும் இழுக்கின்றன, விளக்கு கையை விடுகிறது. விட்டும் கயிறு மேலே வரவில்லை. 'வேறு யாரோ இழுக்கிறார், என்னிலும் அவசரமானவர்' என்று விளக்குக்கு விளங்கிவிடும், ஒதுங்கிக்கொள்ளும். மூன்றாவதில் மற்ற இருவரும் விடுகிறார்கள், கயிறு மேலே, பிரச்சினை இல்லை. நான்காவதில் பிரேக் இழுக்கிறது, எஞ்சின் விடுகிறது, கயிறோ கீழே. எஞ்சினும் ஒதுங்குகிறது. பிரேக் தன் செய்தியைத் தொடர்கிறது.

இதில் அழகு என்னவென்றால், பிரேக்கின் செய்தியில் ஒரு துளிகூடக் கெடவில்லை. முதலில் இருந்து திருப்பிச் சொல்லத் தேவையில்லை. வேறு இருவர் தன்னோடு போட்டிபோட்டார்கள் என்பதே அதற்குத் தெரியாது. தோற்றவர்கள் அது முடியும்வரை காத்திருந்து மறுபடி முயல்வார்கள். நடுவர் இல்லாமலே அவசரமான செய்தி முந்திப் போகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இதை உண்மையாகவே கயிறு கட்டிக் காட்டியிருக்கிறேன். நான்காவது இலக்கத்தில் கையை விட்ட பிள்ளை 'ஆ!' என்று சொல்லும் அந்த நொடி எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

கயிற்றுக்குப் பதில் வயரில் மின்னழுத்தம். யாரும் இழுக்காதபோது இரண்டு வயரும் 2.5 வோல்ற்றில் நிற்கும். இழுக்கும்போது ஒன்று 3.5க்கு ஏறும், மற்றது 1.5க்கு இறங்கும். கேட்பவர் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். வயர்கள் முறுக்கியிருப்பதால் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒல்டனேட்டரின் மின் இரைச்சல் ஏறினாலும் இரண்டிலும் ஒரே அளவில் ஏறும், வித்தியாசம் மாறாது. கனரக வாகனங்களும் பல உழவு இயந்திரங்களும் பின்பற்றும் 'ஜே 1939' என்ற பொதுத் தரத்தில் ஒரு செக்கனுக்கு 2,50,000 இழுப்புகள், அதாவது ஒன்றுக்கு 4 மைக்ரோசெக்கன்.

வயரின் இரண்டு முனையிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். சைகை முனையில் மோதி எதிரொலிக்காமல் அது விழுங்கிவிடும். சாவகச்சேரிப் பக்கம் ஒரு கராஜில் இதை நேரில் பார்த்தேன். கராஜ்காரரின் இரண்டு கையும் கிரீஸ். பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த ஒன்பது துளை வட்டச் செருகியில், 'சீ', 'டீ' என்று பொறித்த துளைகளில் மீற்றரின் இரண்டு ஊசியையும் வைத்தார். மீற்றர் 60 காட்டியது. பக்கவாட்டில் இணைந்த இரண்டு 120 ஓம் தடைகள் 60 ஆகும் என்பது சாதாரண தரப் பாடம். "அறுபது எண்டால் லைன் சுகம் தம்பி. நூற்றிருபது எண்டால் எங்கேயோ ஒரு பக்கம் அறுந்திருக்கு" என்றார். ஒரு மலிவு மீற்றர், இருபது செக்கன். கணினி மெசின், கை வைத்தால் எரிந்துபோகும் என்று வயல்காரரைப் பயமுறுத்துகிறவர்கள் அந்தக் கராஜில் அரை நாள் இருந்து பார்க்கவேண்டும். புது மெசினுக்கு எலுமிச்சம்பழம் கட்டுவதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை, என் அப்பாவும் தன் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்குக் கட்டியவர்தான். இந்தப் பயம்தான் உண்மையான மூடநம்பிக்கை, இதற்குக் காசும் கொடுக்கிறோம்.

அந்த வயரில் ஓடுவதில் பெரும்பகுதி இரகசியமும் இல்லை. ஜே 1939இல் எஞ்சின் வேகத்துக்கு 12,000 என்ற எண் வந்தால், அதை 0.125ஆல் பெருக்கவேண்டும், நிமிடத்துக்கு 1,500 சுற்று. பழுதுக்கும் இரண்டு எண்கள் உண்டு, எது, எப்படி என்று. 100 என்றால் ஒயில் அழுத்தம். '100, 1' என்றால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது, உடனே எஞ்சினை நிறுத்துங்கள். '100, 4' என்றால் சென்சரில் இருந்து வரும் மின்னழுத்தம் அளவுக்குக் கீழே போய்விட்டது. பெரும்பாலும் வயர் உரசியிருக்கும், அல்லது எலி கடித்திருக்கும். திரையில் இரண்டுக்கும் ஒரே விளக்கு எரியலாம். முதலாவதற்கு எஞ்சினைப் பிரிக்கவேண்டி வரலாம், இரண்டாவதற்கு ஒரு சாண் வயரும் ரேப்பும் போதும். வயல்காரருக்கு இந்த வித்தியாசம் எத்தனை ஆயிரம் ரூபாய் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் பூட்டு எங்கே? கேட்பதில் அல்ல, எழுதுவதில். கேன் முறை உருவானபோது வயரில் இருப்பவர் எல்லோரும் நம் ஆட்கள் என்ற நம்பிக்கையில்தான் செய்தார்கள். 'நீ யார்' என்று அது கேட்பதில்லை. அதனால் ஈ.சீ.யூ.வின் நினைவகத்தில் எதையாவது மாற்றவேண்டும் என்றால், அதற்கு மேலே இன்னொரு காவலை வைத்தார்கள். லப்டொப் அனுமதி கேட்கும். ஈ.சீ.யூ. ஓர் எண்ணை வீசும், 45 என்று வைப்போம். இரண்டு பக்கத்துக்கும் மட்டும் தெரிந்த இரகசியக் கணக்கு ஒன்று உண்டு. 7ஆல் பெருக்கி, 3ஐக் கூட்டி, கடைசி இரண்டு இலக்கத்தைச் சொல் என்பது அந்தக் கணக்கானால் விடை 18. லப்டொப் 18 என்றால் கதவு திறக்கும். பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்டவர் நாளைக்கு வந்து 18 என்று சொல்லிப் பயனில்லை, நாளைக்கு ஈ.சீ.யூ. 82 என்று கேட்கும், விடை 77. உண்மையான கணக்கு இதைவிட எவ்வளவோ சிக்கலானது. சில தடவை பிழையாகச் சொன்னால் கதவு கொஞ்ச நேரம் பேசாமலே இருந்துவிடும்.

இந்தக் காவல் தேவைதான். பல தொன் எடையுள்ள மெசினின் பிரேக்கையோ எஞ்சினையோ யாரும் வந்து மாற்றி எழுதக்கூடாது. என் கோபம் பூட்டின் மேல் இல்லை. வீடு கட்டிய மேசன், காசை முழுதாக வாங்கிக்கொண்டு, திறப்பைத் தன் மடியில் வைத்துக்கொண்டு போனால் நாம் சும்மா இருப்போமா? ஒரு பல்ப் மாற்ற ஒவ்வொரு முறையும் அவரைக் கூப்பிட்டுக் கூலி கொடுப்போமா?

உலகத்தில் பல விவசாயிகள் கேட்பது இந்தத் திறப்பைத்தான். அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒன்று, மென்பொருள் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது. பாட்டையும் படத்தையும் காக்க வந்த சட்டம் உழவு இயந்திரத்தின் எஞ்சினிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. 2015இல்தான் வாகனங்களுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் விலக்குக் கிடைத்தது. ஆனால் உடைக்கலாம் என்று சொன்னால் போதுமா, திறப்பை யார் தருவது? அங்கே சில விவசாயிகள் உக்ரைன் பக்கத்தில் இருந்து வந்த, பூட்டு உடைத்த மென்பொருளை வாங்கி ஓட்டியதாக 2017இல் செய்திகள் வந்தன. கொலராடோ மாநிலம் 2023இல் விவசாய இயந்திரங்களுக்கென்றே சட்டம் இயற்றியது. 2024 ஜனவரி 1 முதல் உதிரிப்பாகம், கையேடு, மென்பொருள் எல்லாவற்றையும் விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் நிறுவனங்கள் கொடுக்கவேண்டும். பாதுகாப்பு ஏற்பாட்டைக் கழற்றவோ புகை அளவைக் கூட்டவோ அது இடம் கொடுக்கவில்லை, அதுவும் சரிதான். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம், முழுமையான திருத்தும் மென்பொருளைத் தன் முகவர்களுக்கு மட்டும் கொடுக்கிறது என்று உழவு இயந்திரம் செய்யும் ஜோன் டியர் நிறுவனத்தின் மேல் வழக்கே தொடர்ந்தது.

அந்தத் திறப்புக்கு எவ்வளவு பலம் என்பதை 2022இல் உலகம் பார்த்தது. உக்ரைனின் மெலிற்றோபோலில் ரஷ்யப் படையினர் விற்பனை நிலையம் ஒன்றில் இருந்து கொண்டுபோன இயந்திரங்கள், செச்னியா போய்ச் சேர்ந்தபோது தூரத்தில் இருந்தே பூட்டப்பட்டுக் கிடந்தன. கொள்ளையர்களுக்கு அது நன்றாக வேண்டும். ஆனால் அதே பொத்தான் என் வயலில் நிற்கும் மெசினுக்கும் இருக்கிறது, அதை அழுத்தும் விரல் என்னுடையதல்ல.

நமக்கு நெருக்கமானது இந்தியா, இங்கே ஓடும் உழவு இயந்திரங்களில் பல அங்கிருந்து வருபவை. அங்கே நுகர்வோர் விவகாரத் திணைக்களம் 2022 ஜூலையில் திருத்தும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தபோது, எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. இலங்கையில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்துதான் இதை முதலில் உரக்கக் கேட்கவேண்டும் என்பது என் எண்ணம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இல்லாமல் இந்தக் குடாநாடு ஓடியது. கார்புரேட்டர் வாயில் சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தோம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, சூடேறினால் ஆகும் என்பதைப் புத்தகம் பார்த்து ஒருவரும் படிக்கவில்லை. எஞ்சினைத் திறந்து பார்க்க முடிந்தது, அதனால் படித்தார்கள். அந்தக் கைகளுக்கு இன்ஜெக்டரின் குறியீட்டைத் தட்டச்சு செய்யத் தெரியாது என்று யார் சொல்வது?

சட்டம் வரும்வரை கேட்பதையாவது தொடங்கலாம். சில ஆயிரம் ரூபாய்க்கு, சிறு கணினியான நுண்கட்டுப்படுத்தி ஒன்றும், கேன் வயரோடு பேசும் சிப் ஒன்றும் கிடைக்கும். '100, 4' என்று வருவதை 'ஒயில் சென்சர் வயரைப் பாருங்கள்' என்று தமிழில் காட்டும் பெட்டியை ஒரு பல்கலைக்கழக மாணவர் செய்துவிடுவார். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பெரிய பெரிய தலைப்புகளுக்கு ஒதுக்கும் ஆய்வுப் பணத்தில் ஒரு சிறு பங்கை இப்படியானவற்றுக்குக் கொடுங்கள் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்பேன்.

கொடிகாமத்து அண்ணைக்கு ஒன்று. பழைய இன்ஜெக்டரை எறிந்துவிடாதீர்கள். எஞ்சினில் இப்போது இருக்கும் எல்லா இன்ஜெக்டரின் தலையிலும் உள்ள குறியீடுகளை, எது எத்தனையாவது சிலிண்டர் என்ற வரிசையோடு, எண்ணெய் துடைத்துவிட்டுப் படம் எடுத்து வையுங்கள். அடுத்த மாசிக்கு முன்பு பற்றரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு துளையிலும் மீற்றரை வைத்துப் பாருங்கள். 60 வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், அந்தக் கராஜ்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.