மேடுகளை விட்டு வையுங்கள்: முழங்கால் பார்க்கிறவளாகச் சொல்கிறேன்

போன பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, பதினான்கு வயது மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய் என் கிளினிக்குக்கு வந்தார். பையனின் இடது முழங்கால் பந்து போல வீங்கியிருந்தது. சனிக்கிழமை ஸ்கீயிங் போன இடத்தில் விழுந்திருக்கிறான். தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே மற்றக் கையை வைத்து மெல்ல முன்னுக்கு இழுத்துப் பார்த்தேன். நல்ல முழங்கால் என்றால் கயிறு இறுகியது போல ஓர் இடத்தில் டக்கென்று நிற்கும். இவனுக்கு நிற்கவில்லை. எலும்பு மெத்தென்று கையோடு வந்தது. முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்து வைக்கும் ஏ.சி.எல். தசைநார் அறுந்துவிட்டது என்பது எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது.

தாய்க்கு வந்த கோபம் மலை மேல். "அக்கா, அங்க ஒரு பக்கம் முழுக்க மேடும் பள்ளமுமா விட்டு வச்சிருக்கினம். மெஷினை ஓட்டி மட்டமாக்கினா என்ன? நான் அவைக்கு எழுதிப் போட்டிட்டன்."

பையன் தலையைக் குனிந்தபடி சொன்னான்: "அம்மா, நான் விழுந்தது அதில இல்ல. பக்கத்தில, அந்த ஸ்மூத் ரன்ல."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. ஒன்ராறியோவில் பல வருடங்களாக முழங்கால்களோடு வேலை செய்கிறேன். குளிர்காலச் சனி ஞாயிறுகளில் ஒரு சின்ன ஸ்கீ மலையில் முதலுதவிக்கும் நிற்கிறேன். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பயணமாகவும் குடும்பத்தோடும் இந்த மலைகளுக்குப் போவது வருடத்துக்கு வருடம் கூடுகிறது. நல்ல விஷயம். ஆனால் எது ஆபத்து என்பதில் பெற்றோர் பலருக்கு இருக்கும் எண்ணம் தலைகீழாக இருக்கிறது. அதனால்தான் மலைக்காரர்களும் முறைப்பாடு வந்தவுடன் இருக்கிற ஒரே மோகுல் ரன்னையும் (மேடும் பள்ளமுமான சறுக்குப் பாதை) சீவித் தள்ளிவிடுகிறார்கள்.

மோகுல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: சரிவில் ஆட்கள் திரும்பித் திரும்பி இறங்கும்போது, ஸ்கீயின் விளிம்பு பனியைச் சுரண்டி ஒரு பக்கம் ஒதுக்கும். அடுத்து வருகிறவரும் அதே வழியில் திரும்புவார். நாலைந்து நாளில் இடுப்பு உயரத்துக்குக்கூட மேடுகள் வந்துவிடும், நடுவில் பள்ளங்கள். ஸ்கீ போடுகிறவர்கள் 'பம்ப்ஸ்' என்பார்கள். இந்த மேடுகள் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது எனக்கு இன்றும் அதிசயம். மேட்டின் கீழ்ப்பக்கம் சுரண்டப்பட்டு, அந்தப் பனி அடுத்த மேட்டின் மேல்பக்கத்தில் போய்ச் சேர்வதால், ஆட்கள் கீழே போகப் போக மேடுகள் மலையேறுகின்றன. கொலராடோவில் நாள்தோறும் படமெடுத்து இதைப் பார்த்திருக்கிறார்கள்.

இரவில் பனியை மட்டமாக்கும் குரூமர் வண்டி வந்தால் கதை முடிந்தது. முன்னால் இருக்கும் பிளேடு மேட்டை வெட்டும், பின்னால் சுழலும் டில்லர் பனியை அரைத்து, கோர்ட்ராய் துணி போல வரி வரியாக விரித்துவிடும். காலையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். முதல் முறை ஸ்கீ போடும் பிள்ளைக்கு அந்தத் தரை தேவை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பிரச்சினை வேகம். அந்த வரி விரிப்பில் சறுக்கைத் தடுக்க எதுவும் இல்லை. நீல அடையாளமிட்ட (நடுத்தரக் கடினம் என்று பொருள்), நன்றாக மட்டமாக்கிய அகலமான சரிவுகளில் போகிறவர்களின் வேகத்தை ராடாரில் அளந்த ஆய்வு ஒன்றில் சராசரி மணிக்கு 43 கிலோமீட்டர் வந்தது. சராசரியே அவ்வளவு. வட அமெரிக்காவில் ஸ்கீ விபத்து மரணங்களை வருடக்கணக்காக ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டதும் இதுதான்: ஓரளவு நன்றாக ஓட்டத் தெரிந்த ஆண், மட்டமாக்கிய நடுத்தரச் சரிவு, அதன் ஓரத்தில் ஒரு மரம்.

மோகுலில் அந்த வேகம் வராது. ஒவ்வொரு மேடும் திரும்பு, திரும்பு என்று கட்டாயப்படுத்தும். சாதாரண ஆள் ஒருவர் அதில் சைக்கிள் வேகத்தில் இறங்கினாலே பெரிய காரியம். விழுவார்கள், நிறைய விழுவார்கள். அந்த மாதிரி விழுந்தவர்களை நான் மலையடிவாரத்தில் பார்க்கிறேன்: பெருவிரல் சுளுக்கு, இடுப்பில் கண்டல், கையுறைக்குள் பனி. முழங்காலும் அடிபடும், இல்லை என்று சொன்னால் பொய். பின்னுக்குச் சாய்ந்துகொண்டு மேட்டிலிருந்து பறந்து பள்ளத்தில் விழுகிறவருக்கு ஏ.சி.எல். அங்கேயும் அறும். ஆனால் சனிக்கிழமை பின்னேரம் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டிவந்த நேரங்களை நினைத்துப் பார்த்தால், ஒன்றுகூட மோகுலில் இல்லை. எல்லாம் பக்கத்து மட்டமான ரன்னில், ஒருவரோடு ஒருவர் மோதி அல்லது காட்டுக்குள் போய்.

அந்தப் பையனின் முழங்கால் எப்படி அறுந்தது என்று அவனையே நடித்துக் காட்டச் சொன்னேன். வேகம் கூடிவிட்டது, பயத்தில் பின்னுக்குச் சாய்ந்துவிட்டான், இருக்கப் போகிறவன் போல. இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஒரு கை பின்னால். பாரம் முழுக்க ஒரே ஸ்கீயின் உள்விளிம்பில். அந்த ஸ்கீயின் வால் பனியில் கடித்துத் திரும்ப, முழங்காலும் சேர்ந்து உள்ளே திரும்பியது. 1990களில் வெர்மொண்டில் எட்லிங்கர், ஜோன்சன், ஷீலி என்ற மூவர் விழுகிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து இந்த முறைக்கு 'ஃபாண்டம் ஃபுட்' என்று பெயர் வைத்தார்கள். பூட்ஸுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்கீயின் வால், குதிகாலுக்குப் பின்னால் இன்னொரு பாதம் போல வேலை செய்து காலை முறுக்குகிறது என்பது பொருள்.

பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பைண்டிங் கழன்றிருந்தால் தப்பியிருப்பானா என்று தாய் கேட்டார். எல்லோரும் கேட்பது. பைண்டிங் கெண்டைக்கால் எலும்பை முறியாமல் காக்க வந்தது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது, எலும்பு முறிவுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஏ.சி.எல்.லைக் காக்க அதை நம்ப முடியாது.

காக்கக்கூடியது பயிற்சி. அதே மூவரும் 1993-94 பருவத்தில் 20 ஸ்கீ மலைகளின் ஊழியர்களுக்கு, விழும்போது என்ன செய்வது என்று படம் போட்டுக் காட்டிப் பழக்கினார்கள். அந்த மலைகளில் ஊழியர்களின் கடுமையான முழங்கால் சுளுக்குகள் 62 சதவீதம் குறைந்தன. கற்றுக்கொடுத்தது சின்ன விஷயங்கள்தான். விழும்போது காலை நீட்டி விறைக்காதே, முழங்காலை மடக்கியே வை. கைகள் முன்னால் இருக்கட்டும், பின்னால் ஊன்றாதே. சறுக்கிக்கொண்டிருக்கும்போது எழும்பப் பார்க்காதே, நின்ற பிறகு எழும்பு. உங்கள் பிள்ளைக்கு இந்த மூன்றையும் காரில் போகும்போதே சொல்லிவிடலாம்.

கைகளை முன்னால் வை, முழங்காலை மடக்கு, பின்னுக்குச் சாயாதே. இதையே மோகுல் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிக்கொடுக்கிறது. பின்னுக்குச் சாய்ந்தால் இரண்டாவது மேட்டிலேயே இருத்திவிடும், அதுவும் மெதுவான வேகத்தில். மட்டமான ரன்னில் அதே தவறோடு ஒரு பருவம் முழுக்க ஓட்டலாம், ஒருநாள் வேகம் கூடும் வரை. என் வாதத்தின் மையம் இதுதான், இதற்காகத்தான் சின்ன மலைகளில் மேடுகள் இருக்க வேண்டும் என்கிறேன். மேற்கே போய்ப் பெரிய மலையில் பழகலாமே என்பார்கள். ஒன்ராறியோவில் நூறு, நூற்றைம்பது மீட்டர் உயர மலையில் பழகுகிற பிள்ளைக்கு விமான டிக்கெட் யார் எடுப்பது? 2018 ஒலிம்பிக்கில் மோகுல் தங்கம் வாங்கிய மிக்கேல் கிங்ஸ்பரி மொன்றியல் பக்கத்துப் பையன். லோரன்சியன் குன்றுகளில் வளர்ந்தவர், ரொக்கி மலைகளில் அல்ல.

மலைக்காரர்கள் தரப்பும் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் 700க்கு மேல் இருந்த ஸ்கீ மலைகள் இன்று 500க்கும் குறைவு. மூடப்பட்டவற்றில் பெரும்பாலானவை சின்னவை. தப்பி நிற்கிறவர்களுக்கு இருப்பது ஐந்தாறு ரன், ஒன்றிரண்டு குரூமர், பக்கத்து ஊர்க் குடும்பங்கள். ஒரு ரன்னை மேடாக விட்டால், ஆறில் ஒரு பங்கு மலை பாதிப் பேருக்குப் பயன்படாது. இன்னொன்று, இங்கே பனி இயற்கையாக விழுவது குறைவு, இயந்திரப் பனிதான் அதிகம். அது அடர்த்தியானது. மழை பெய்து இரவில் உறைந்தால் மேடு பாறை, பள்ளம் கண்ணாடி. அப்படி இறுகிய மேட்டைப் பிறகு வெட்டப் போனால் முஷ்டி அளவு ஐஸ் கட்டிகள் ரன் முழுக்கச் சிதறும். 'டெத் குக்கீஸ்' என்பார்கள், பெயரே போதும். குரூமர் ஓட்டுகிற ஒருவர் என்னிடம், "மேட்டை ஒரு கிழமைக்கு மேல விட்டா எனக்கு ரெண்டு இரவு வேலை" என்றார். நியாயம்.

ஆனாலும் வழி இருக்கிறது, பல இடங்களில் செய்கிறார்கள்: ஒரு ரன்னை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் குரூமர் தொடும், மறுபாதி அப்படியே இருக்கும். ஒரு பிள்ளை நாலு மேட்டில் முயற்சி செய்துவிட்டு, கால் நடுங்கினால் பக்கத்தில் மட்டமான பாதிக்கு வந்துவிடலாம். சின்ன மலைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. வெர்மொண்டின் மாட் ரிவர் கிளென் போல மலையின் பெரும்பகுதியையே இயந்திரம் தொடாமல் வைத்திருக்கவும் முடியும். அங்கே 1995 முதல் ஸ்கீ போடுகிறவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து மலையை வைத்திருக்கிறார்கள், 'முடிந்தால் ஓட்டிப் பார்' என்பது அவர்களின் வாசகம். எல்லோரும் அப்படி ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பாதி ரன் போதும்.

அந்தப் பாதியை எங்கே விடுவது என்பதில் கவனம் வேண்டும். தொடக்கக்காரர்கள் கீழே வர வேறு வழியில்லாத ரன்னில் கூடாது. இரண்டு ரன் சேரும் இடத்துக்கு நேர் மேலே கூடாது. பள்ளத்தில் புல் தெரியும் அளவுக்குப் பனி மெல்லியதாக இருக்கும் இடத்திலும் கூடாது, ஸ்கீ மண்ணில் மாட்டினால் முழங்கால்தான் விலை கொடுக்கும். மேலே நுழையும் இடத்தில் பெரிதாக ஒரு பலகை. மழைக்குப் பின் உறைந்த காலையில் கயிறு கட்டி மூடிவிட வேண்டும். வெயில் ஏறி மேடு இளகிய பிறகு திறக்கலாம். மார்ச் கடைசியில் பின்னேரம் இரண்டு மணிக்கு அந்த இளகிய மேடுகளில் ஒருமுறை இறங்கிப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று புரியும்.

பெற்றோரிடம் கேட்பது: முறைப்பாடு எழுதும் முன் பிள்ளை எங்கே, எப்படி விழுந்தான் என்று அவனிடமே கேளுங்கள். ஏற்கெனவே தசைநார் கிழிந்து சத்திரசிகிச்சை செய்தவர்கள், மூட்டுத் தேய்வோடு இருக்கிறவர்கள் மோகுலுக்குப் போக முன் உங்கள் பிஸியோவிடம் பேசுங்கள். களைத்த பிறகு 'கடைசியா ஒருக்கா' என்று போகாதீர்கள். என்னிடம் வருகிற முழங்கால்களில் எத்தனையோ அந்தக் கடைசி ஒருக்காவில் போனவை.

அந்தத் தாய் இரண்டு கிழமை கழித்து மலைக்கு இன்னொரு கடிதம் எழுதினார். மேட்டை விட்டு வையுங்கள், பக்கத்து ரன்னில் வேகத்தைக் குறைக்க ஏதாவது செய்யுங்கள் என்று. பையனுக்கு ஜூனில் சத்திரசிகிச்சை நடந்தது. இப்போது படியில் ஒற்றைக் காலில் இறங்கப் பழகுகிறான், மலைக்குத் திரும்ப இன்னும் மாதங்கள் இருக்கின்றன. மலை நிர்வாகி இந்தக் குளிர்காலம் ஒரு ரன்னின் இடது பாதியை மேடாகவே விட்டு வைக்கச் சம்மதித்துவிட்டார். பலகைக்கும் சொல்லியாகிவிட்டது. தினமும் காலை எட்டு மணிக்கு மேலே போய், மேட்டைக் காலால் உதைத்துப் பார்த்து, கயிறு கட்டுவதா அவிழ்ப்பதா என்று முடிவு எடுக்க ஓர் ஆள் வேண்டும். சனி ஞாயிறு நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மற்ற ஐந்து நாளுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.