ரிப்போர்ட் புக்கில் ஏறாத மூன்று வரி

டியூட்டி முடிந்து அடுத்த ஷிஃப்டுக்கு ஓவர் கொடுக்கும்போது நர்ஸ்களான நாம் சொல்வதெல்லாம் குறைகள்தான். யாருக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, யாருக்கு யூரின் குறைவு, யார் கையில் ஐ.வி. லைன் வீங்கிவிட்டது. அப்படித்தான் சொல்லவேண்டும், உயிர் அதில் இருக்கிறது. ஆனால் அதே கண்ணோடு பஸ் ஏறினால், இரவு முழுக்கச் சரியாக நடந்த காரியங்களில் ஒன்றுகூட மனதில் தங்காது. தவறிய ஒன்று மட்டும் பகலில் தூங்கவிடாது. நன்றியுணர்வுப் பயிற்சி இந்தக் கணக்கை நேர்செய்வதற்குத்தான், வலிய சிரித்துக்கொண்டிருப்பதற்கு அல்ல.

ஒரு சின்ன நோட்டு போதும். யூனிஃபார்ம் மாற்றுவதற்கு முன் மூன்று நிமிடம். நன்றாக நடந்த மூன்றை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ‘ஏன் நடந்தது’ என்று ஒரு வரி. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வாரம் இப்படி எழுதியவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. அந்த ‘ஏன்’ வரியை விட்டுவிடாதீர்கள். பயிற்சியின் சாரமே அதுதான்.

வயல் வேலை மும்முரமான மாதங்களில் டெல்டா மருத்துவமனைகளுக்குப் பாம்புக்கடி புதிதல்ல. கண்ணாடி விரியன் கடித்தவரின் ரத்தம் 2 மில்லி எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடி டெஸ்ட் ட்யூபில் 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துச் சாய்க்கிறோம். உறையாமல் தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்; ஓடுகிறது. விஷமுறிவு மருந்து ஏறுகிறது. ஆறு மணி நேரம் கழித்து அடுத்த ட்யூபைச் சாய்த்தால் ரத்தம் அசையாமல் அடியில் நிற்கிறது. நோட்டில் எழுதவேண்டியது இது: ‘விடிகாலை ட்யூபில் ரத்தம் கட்டியது.’ ஏன்? ‘கடிவாயைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல் 108-ல் நேரே கூட்டி வந்தார்கள். மருந்து ஏறும்போது பக்கத்திலேயே நின்றேன். மருந்து ஒவ்வாமல் அரிப்பு தொடங்கியதுமே டாக்டரைக் கூப்பிட்டேன்.’ நம் கையின் பங்கு எது, அடுத்தவர் பங்கு எது என்று அப்போது தனித்தனியாகத் தெரியும்.

‘எல்லாம் நல்லபடியாக முடிந்தது’ என்று எழுதினால் பலன் இல்லை. தினமும் அதே மூன்று வந்தால் வாரம் ஒருமுறை என்று குறைத்துக்கொள்ளலாம். மரணம் நடந்த நாளில் நோட்டை மூடிவைத்துவிடுங்கள். அழுகைக்கும் இடம் வேண்டும். நோயாளியின் பெயர், படுக்கை எண் எதுவும் அதில் ஏறக்கூடாது. வார்டு வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் எழுதியே ஆகவேண்டும் என்று இன்சார்ஜ் சிஸ்டர் கேட்டால், அது இன்னொரு ரிஜிஸ்டராகிவிடும்.

வாய்விட்டுச் சொல்லும் நன்றிக்கும் இதே விதி. பொத்தாம்பொதுவாக ‘தேங்க்ஸ்கா’ என்பதைவிட, “அக்கா, நான் கூப்பிடுறதுக்கு முன்னாடியே ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளிக்கிட்டு வந்தீங்க, அதனாலதான் சாச்சுரேஷன் இறங்காம பிடிச்சோம்” என்று சொல்லிப் பாருங்கள். துப்புரவுப் பணியாளருக்கு அவர் செய்த வேலையின் எடையை யாரும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். நாற்பது நோயாளிக்கு ஒரே நர்ஸ் என்ற இரவில் ‘பாசிட்டிவா இருங்க சிஸ்டர்’ என்பது ஆறுதல் ஆகாது, அநீதி. ஆள் பற்றாக்குறையைத் தேதி, ஷிஃப்ட், நோயாளி எண்ணிக்கையோடு எழுத்தில் மேலிடத்துக்குக் கொடுங்கள். மருந்து அளவு தவறினால் உடனே டாக்டரிடம் சொல்லி, சம்பவ அறிக்கை எழுதுங்கள். நன்றி நோட்டு இவை இரண்டுக்கும் மாற்று ஆகாது.

பணிச்சோர்வை வேலை சார்ந்த நிலையாக உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே வகைப்படுத்திவிட்டது. டியூட்டி என்றாலே அழுகை வருவது, நோயாளி மீது காரணமில்லாத எரிச்சல், லீவு நாளிலும் தூக்கமின்மை என்று இரண்டு வாரம் தொடர்ந்தால் நோட்டை மட்டும் நம்பியிருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.