திறந்ததும் மூடிக்கொள்ளும் மென்பொருள்: பார்மட் போடும் முன் இதைப் பாருங்கள்

"சார், க்ளிக் பண்றேன், லோகோ வருது, அப்படியே மறைஞ்சிடுது." கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது. அடுத்து வரும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றேதான்: "பார்மட் போட்டுடலாமா?"

வேண்டாம். குறைந்தபட்சம், முதல் வேலையாக வேண்டாம். திறக்கும்போதே ஒரு மென்பொருள் விழுந்துவிடுகிறது என்றால், பல நேரங்களில் கோளாறு அந்த மென்பொருளில் இருப்பதில்லை. திறக்கும்போது அது கூடவே ஏற்றிக்கொள்ளும் ஏதோ ஒன்றில் இருக்கும். ஒரு ஆட்-இன்னாக (மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு ஓடும் துணை நிரல்) இருக்கலாம், கெட்டுப்போன செட்டிங்ஸ் ஃபைலாக இருக்கலாம், பிரின்டர் டிரைவராகவோ கிராபிக்ஸ் டிரைவராகவோ (அந்தச் சாதனத்தை இயக்கும் நிரல்) இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் மென்பொருளை மட்டும் நீக்கி மறுபடி போட்டால் என்ன ஆகும்? அன்-இன்ஸ்டால் செய்யும்போது நிரல் ஃபைல்கள் போய்விடும். ஆனால் உங்கள் விண்டோஸ் கணக்கில் 'ஆப்டேட்டா' என்ற மறைந்த ஃபோல்டருக்குள் இருக்கும் செட்டிங்ஸ் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். புதிதாகப் போட்ட மென்பொருளும் அதே ஃபைலைப் படித்து, அதே இடத்தில் விழும். பார்மட் போட்டால் அந்தக் கெட்ட ஃபைல் போய்விடும், உண்மைதான். கூடவே வேறு என்னென்ன போகிறது என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வருமான வரிக் கணக்குத் தாக்கல் மும்முரமாக இருக்கும் ஜூலை மாதம். ஒரு கணினியில் மட்டும் எக்செல் திறக்க மறுத்தது. டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பார்மட் போடலாம் என்று அங்கே ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தபடி எக்செல் ஐகானை இரண்டு முறை க்ளிக் செய்தேன். சேஃப் மோடில் திறக்கவா என்று அது கேட்கும். கேட்கும்வரை விரலை எடுக்கக் கூடாது. சரி என்றதும் எக்செல் ஒழுங்காகத் திறந்தது. சேஃப் மோடில் ஆட்-இன் எதுவும் ஏறாது. ஆக, எக்செல் நன்றாகத்தான் இருக்கிறது, அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றுதான் கோளாறு.

ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போய், கீழே 'காம் ஆட்-இன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, வழக்கம்போலத் திறந்தோம். திறந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக டிக் போட்டுத் திறந்து பார்த்ததில், ஒரு பிடிஎஃப் மென்பொருளின் ஆட்-இன்னைப் போட்டதும் விழுந்தது. முந்தைய நாள்தான் யாரோ அதை நிறுவியிருந்தார்கள். அந்த டிக்கை எடுத்ததோடு வேலை முடிந்தது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. அந்தக் கணினியில் வேலை பார்க்கும் அக்கா, வங்கி ஸ்டேட்மென்ட்டுகளை ஒழுங்குபடுத்தப் பல வருடங்களாக மேக்ரோக்களை, அதாவது திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்புகளை, பதிவு செய்து வைத்திருந்தார். எக்செல் அவற்றை 'பெர்சனல்' என்ற தனி ஒர்க்புக்கில் சேமிக்கும். அது இருப்பது டெஸ்க்டாப்பில் அல்ல, டாக்குமென்ட்ஸிலும் அல்ல, ஆப்டேட்டாவுக்குள் 'எக்ஸ்எல்ஸ்டார்ட்' என்ற ஃபோல்டரில். பென்டிரைவில் அது போயிருக்காது. அவருடைய அத்தனை வருட உழைப்பும் ஒரே பார்மட்டில் அழிந்திருக்கும். பழைய பதிப்பிலிருந்து தொடர்ந்து வரும் அவுட்லுக்கிலும் மெயில் ஃபைல் ஆப்டேட்டாவில் இருக்க வாய்ப்புண்டு. பாப் முறையில், சர்வரில் நகல் விடாமல் மெயில் எடுப்பவர்களுக்கு அந்த ஃபைலைத் தவிர வேறு நகலே கிடையாது.

எல்லா மென்பொருளிலும் சேஃப் மோட் இருக்காது. ஆனால் பெரும்பாலான விழுகைகளை விண்டோஸ் எழுதி வைக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'ஈவன்ட் வியூவர்' என்று தேடித் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'அப்ளிகேஷன்' என்று போங்கள். மென்பொருள் விழுந்த அதே நேரத்தில் சிவப்பு அடையாளத்தோடு 'அப்ளிகேஷன் எரர்' என்று ஒரு பதிவு இருக்கும். அதன் எண் 1000. அதில் மூன்று வரிகள் போதும்: எந்த மென்பொருள் விழுந்தது, எந்த மாட்யூலில் (அது ஏற்றிக்கொண்ட நிரல் ஃபைல்) விழுந்தது, என்ன எரர் கோட். மாட்யூலின் பெயரும் அது இருக்கும் ஃபோல்டரும் பிரின்டர் கம்பெனியுடையதாக இருந்தால் பிரின்டர் டிரைவரைப் பாருங்கள். கிராபிக்ஸ் டிரைவருடையதாக இருந்தால் அதைப் புதுப்பியுங்கள், அல்லது முந்தைய பதிப்புக்குத் திரும்புங்கள். 'என்டிடிஎல்எல்', 'கெர்னல்பேஸ்' என்று வந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். அவை விண்டோஸின் சொந்த ஃபைல்கள். விபத்து நடந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தவரைப் போல அவற்றின் பெயர் பதிவாகிவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு "விண்டோஸே போச்சு" என்று முடிவு கட்டுபவர்கள் நிறையப் பேர்.

எரர் கோடும் ஓரளவு பேசும். சி0000005 என்று முடிந்தால், தனக்கு அனுமதியில்லாத நினைவகப் பகுதியை மென்பொருள் தொட்டிருக்கிறது. காரணம் பலவாக இருக்கலாம். சி000007பி என்றால் பெரும்பாலும் 32 பிட், 64 பிட் ஃபைல்கள் கலந்துவிட்டன. சி000001டி என்றால், உங்கள் பழைய பிராசசருக்குத் தெரியாத கட்டளையைப் புதிய மென்பொருள் கொடுக்கிறது என்று சந்தேகிக்கலாம். அப்படியென்றால் எத்தனை முறை மறுபடி நிறுவினாலும் ஓடாது, பழைய பதிப்பைத்தான் தேட வேண்டும்.

இதையெல்லாம் படிக்கப் பொறுமை இல்லையென்றால், 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடுங்கள். தேதிவாரியாக ஒரு வரைபடம் வரும். முதல் சிவப்புக் குறி விழுந்த நாளையும் அதற்கு முந்தைய நாளையும் தொட்டால், அன்று என்ன நிறுவப்பட்டது, என்ன அப்டேட் ஆனது என்று கீழே தெரியும். பல கோளாறுகளுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். அடுத்து, புதிதாக ஒரு விண்டோஸ் பயனர் கணக்கு உருவாக்கி, அதில் அந்த மென்பொருளைத் திறந்து பாருங்கள். அதில் ஓடுகிறது என்றால் உங்கள் கணக்கிலுள்ள செட்டிங்ஸ்தான் கெட்டிருக்கிறது. அந்த ஃபோல்டரை அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். மென்பொருள் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்; வேண்டியதைப் பழையதிலிருந்து பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

'விசிரன்டைம்140' என்ற டிஎல்எல் ஃபைல் (பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் ஃபைல்) இல்லை என்று செய்தி வந்தால், அந்த ஒரு ஃபைலை மட்டும் இலவசமாகத் தரும் தளங்களுக்குப் போகாதீர்கள். அங்கிருந்து என்ன இறங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. மைக்ரோசாப்டின் தளத்திலேயே 'விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிப்யூட்டபிள்' இலவசமாகக் கிடைக்கிறது. 64 பிட் விண்டோஸாக இருந்தாலும் 32 பிட், 64 பிட் இரண்டையும் போடுங்கள். 32 பிட் மென்பொருள்களுக்கு முதலாவது வேண்டும். கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த, மென்பொருள் திடீரென்று விழுவதற்கும் பெரும்பாலும் இதுபோல ஒரு காரணம்தான்: ஆன்டிவைரஸ் அதன் ஃபைல் ஒன்றைப் பிடித்துத் தனியாக வைத்திருக்கும். உடனே ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கல்யாண ஆல்பங்கள் அத்தனையும் இருக்கும் ஸ்டுடியோ கணினியை, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேருக்குத் திறந்து வைப்பதற்குச் சமம் அது.

சில சமயம் உங்கள் கணினியில் எந்தக் கோளாறும் இருக்காது. 2020 ஜூலை 15 அன்று உலகம் முழுக்கப் பலருக்கு அவுட்லுக் திறந்ததும் மூடிக்கொண்டது. பதிவில் அதே சி0000005. மைக்ரோசாப்ட் தன் பக்கத்திலிருந்தே அதைச் சரிசெய்தது. அதுவரை பிரவுசர் வழியாக மெயில் பார்க்க முடிந்தது. 2021 மார்ச்சில் ஆண்ட்ராய்டு போன்களில் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் இப்படி விழுந்தன. காரணம், 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' என்ற பொதுவான பகுதி. அதையும் குரோமையும் அப்டேட் செய்ததும் சரியானது. நேற்றுவரை நன்றாக ஓடியது, நீங்கள் எதையும் மாற்றவில்லை, பக்கத்து அலுவலகத்திலும் இதே புகார் என்றால், சில மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.

பதற்றத்தில் கூகுளில் தேடி, மேலே வரும் 'கஸ்டமர் கேர்' எண்ணைக் கூப்பிடுவது இருப்பதிலேயே ஆபத்தானது. மைக்ரோசாப்டின் எரர் செய்திகளில் போன் நம்பர் ஒருபோதும் இருக்காது. யாராவது ரிமோட் மென்பொருளை நிறுவச் சொல்லி, அப்புறம் வங்கிக் கணக்கைத் திறக்கச் சொன்னால் உடனே இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

தெரிந்த சர்வீஸ் ஆளைக் கூப்பிடும்போது, அந்த 1000 எண் பதிவை முழுதாகத் தெரியும்படி போனில் படம் எடுத்து முன்பே அனுப்பிவிடுங்கள். என்றிலிருந்து இப்படி ஆகிறது, அதற்கு முன் என்ன நிறுவினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பார்மட்தான் வழி என்று அவர் சொன்னால், எந்த மாட்யூல் விழுகிறது என்று கேளுங்கள். பதில் இருந்தால் சரி. உங்கள் பயனர் ஃபோல்டர் முழுவதையும், ஆப்டேட்டாவையும் சேர்த்து, வெளி ஹார்ட்டிஸ்க்கில் நகல் எடுத்த பிறகு போடச் சொல்லுங்கள்.