கோர்ட்ஹவுஸ்: நீதிமன்றமா, கச்சேரியா?

அமெரிக்க நாட்டுப்புறத்தைப் பற்றி எழுதுவோர் ‘கவுன்டி கோர்ட்ஹவுஸ்’ என்பதை ‘மாவட்ட நீதிமன்றம்’ என்று பெயர்த்துவிடுவது வழக்கம். அதில் இரண்டு சொற்களுமே சற்றுக் குறி தவறுகின்றன.

‘கவுன்டி’ என்பதன் வேர், உடன் செல்பவன் எனப் பொருள்படும் ‘கோமெஸ்’ என்னும் இலத்தீன் சொல். மன்னனுக்கு உடன் சென்றவர்கள் பிற்காலத்தில் நிலப்பகுதிகளை ஆளும் பிரபுக்களாயினர். அவர்களது ஆட்சிப் பகுதியைக் குறித்த பிரெஞ்சுச் சொல், 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியரோடு அங்கே வந்து, ‘ஷயர்’ என்ற பழஞ்சொல்லின் பக்கத்தில் அமர்ந்துகொண்டது. அமெரிக்காவில் பிரபு இல்லை, பகுதி மட்டும் எஞ்சியது. கான்சஸ் மாநிலத்தில் 105 கவுன்டிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றான சேஸ் கவுன்டியின் மக்கள்தொகை 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3,000ஐக்கூட எட்டவில்லை. பல லட்சம் பேரை எண்ணிப் பழகிய ‘மாவட்டம்’ அதற்குப் பொருந்தாது என்பதால், ‘கவுன்டி’ என்றே எழுதுவது நல்லது.

‘கோர்ட்’ என்பது இலத்தீன் ‘கோஹோர்ஸ்’ வழிவந்தது. அதன் முதற்பொருள் அடைப்புக்குள் இருக்கும் முற்றம். மன்னனின் முற்றம் அரசவையாகி, அரசவை வழக்கு கேட்கும் இடமாயிற்று. நம் ‘மன்று’ என்ற சொல்லும் ஊர்ப் பொதுவெளியைக் குறித்ததே. ஆயினும் அது மரத்தடி, மதில் கிடையாது. அங்கே நின்று வழக்குரைத்ததன் தடம் ‘மன்றாடு’ என்ற வினையில் இன்றும் இருக்கிறது.

சிக்கல் ‘ஹவுஸ்’ என்ற பின்பாதியில்தான். சேஸ் கவுன்டியின் தலைநகரான காட்டன்வுட் ஃபால்ஸில், ஜான் ஹாஸ்கெல் வடிவமைத்து 1873இல் எழுந்த கட்டடத்தைப் பாருங்கள்: அவ்வட்டாரத்துச் சுண்ணக்கற் சுவர்கள், பிரெஞ்சுப் பாணியில் சரிந்திறங்கும் சிவப்பு மன்சார்டு கூரை, உச்சியில் கடிகாரக் கோபுரம், உள்ளே கருவாதுமை (பிளாக் வால்நட்) மரத்தாலான சுழல் படிக்கட்டு. கடைத்தெருவின் கோடியில், ஊரின் எந்த வீட்டையும்விட உயரமாக நிற்கும் இதனுள் நீதிபதியின் கூடம் ஒரு பகுதி மட்டுமே. நிலப்பத்திரப் பதிவு, வரி வசூல், கவுன்டி அலுவலகங்கள் யாவும் ஒரே கூரையின்கீழ் இயங்கின, சிறையும் அங்கேயே இருந்தது.

இத்தனையையும் ஒருசேரச் சுட்டும் சொல் நம்மிடம் இருந்தது: கச்சேரி. ‘தாலுக்கா கச்சேரி’ என்று அலுவலகத்தைச் சொன்னோம், ‘கோர்ட்டு, கச்சேரி என்று அலைவது’ என இன்றும் சலித்துக்கொள்கிறோம், இலங்கையில் மாவட்டச் செயலகத்தைக் கச்சேரி என்றே அழைக்கிறார்கள். தமிழ்நாட்டு வாசகரோ அச்சொல்லைக் கண்டதும் மிருதங்கத்தைத் தேடுவார். ஆகவே கட்டடம் முழுவதையும் ‘கவுன்டி மன்றகம்’ என்றும், அதனுள் வழக்கு நடக்கும் கூடத்தை மட்டும் ‘நீதிமன்றம்’ என்றும் பிரித்து எழுதலாம் என்பது என் பரிந்துரை.