கதவைச் சாத்திக்கொண்டு தின்ற கீரை

முதல் நாள் சந்தைக்கு 40 கட்டு வேளைக்கீரை கொண்டுபோனோம். முப்பதுக்கு மேல் வாடிப்போய்த் திரும்பி வந்தது. பறித்துக் கட்டிக் கொடுத்த அக்கா வண்டியில் வரும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாந்தான் அப்பவே சொன்னேன்ல சார், குப்பையில மொளைக்கிறத யாரு காசு குடுத்து வாங்குவா? நாங்களே விருந்தாளி வந்தா இத வைக்க மாட்டோம்."

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் விளைபொருளுக்குச் சந்தை தேடித் தருவது என் வேலை. விலை, கட்டின் அளவு, வண்டிவாடகை என்று கணக்குப் போட்டுவைத்திருந்த எனக்கு, அந்தக் கடைசி வாக்கியம் கணக்கில் வராத ஒன்றைக் காட்டியது. கூச்சம்.

இந்தக் கூச்சம் நேற்று வந்ததில்லை. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் ஒரு பாணர் வீட்டு அடுப்படியைக் காட்டுகிறார். பசியில் இடை ஒடுங்கிய பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடுவார்களே என்று நாணி, கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். அந்தக் கதவை நாம் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை.

நான் சொல்வது நல்வேளையை. சில ஊரில் தைவேளை என்பார்கள். விரித்த கைபோல் ஐந்து சிற்றிலை, வெள்ளைப் பூ, நீண்டு தொங்கும் மீசைபோல மகரந்தத் தாள்கள். மஞ்சள் பூவும் பிசுபிசுப்பும் இருந்தால் அது நாய்வேளை. இரண்டையும் சேர்த்துக் கட்டாதீர்கள். (காதுவலிக்கு இலைச் சாற்றைக் காதில் பிழிவது ஊர் வழக்கம். அதற்கு மருத்துவரைப் பாருங்கள், கீரையைச் சட்டியில் போடுங்கள்.)

கண்ணுக்கு வேண்டிய பீட்டா கரோட்டின், கால்சியம், இரும்பு எல்லாம் இதில் உண்டு. வெயிலையும் வறட்சியையும் தாங்கி, விதைத்த நாலைந்து வாரத்தில் கிள்ளலாம். மானாவாரிக் காட்டுக்கு இதைவிட வாகான கீரை எனக்குத் தெரிந்து குறைவு.

இதே செடியைக் கென்யாவில் கிசி மக்கள் 'சின்சாகா' என்கிறார்கள். அங்கேயும் இதே கதைதான். ஐரோப்பியர் கொண்டுவந்த முட்டைக்கோஸ் வகைகள் சந்தையைப் பிடித்துக்கொள்ள, நாட்டுக் கீரைகள் ஏழைகளின் தீனி, கிழவிகளின் சமையல் என்று ஒதுங்கின. 1990களில் கென்யாவின் தேசிய அருங்காட்சியக ஆய்வாளர்களும் பன்னாட்டுத் தாவர மரபுவள நிறுவனத்தாரும் விதைகளையும் சமையல் முறைகளையும் ஊர் ஊராகத் திரட்டினார்கள். ஜோமோ கென்யாட்டா வேளாண் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மேரி அபுகுட்சா ஒன்யாங்கோ விதைத் தரத்திலும் சாகுபடி முறையிலும் பல ஆண்டுகள் உழைத்தார். தான்சானியாவின் அருஷாவில் உள்ள உலகக் காய்கறி மையம் இலை பெருத்த, தாமதமாகப் பூக்கும் செடிகளைத் தேர்ந்தெடுத்தது. 2000களில் நைரோபியின் பெரிய கடைகளிலும் உணவகங்களிலும் இந்தக் கீரைகள் இடம்பிடித்தன. விதையும் சமையல் முறையும் முந்தின, கடை அலமாரி பிந்தியது. நாங்கள் தலைகீழாகத் தொடங்கியிருந்தோம்.

அடுத்த தப்பு சுவரொட்டி. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அந்த எண்ணைப் பெரிதாக அச்சடித்து, கீழே கீரைப் படம் போட்டேன். கூட்டம் வந்தது, கேள்வியும் வந்தது: "எத்தன நாளு சாப்பிடணும்?", "சுகருக்கு ஆகுமா?" கீரையை மருந்தாக்கிவிட்டேன். மருந்தை யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை. வேலை முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். இப்போதும் 'மூலிகைக் கீரை' என்று அட்டை ஒட்டச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டைதான். அரைக்கீரையை யாராவது மூலிகை என்றா விற்கிறார்கள்?

சுவரொட்டியைக் கிழித்துவிட்டு அடுப்பை மூட்டினோம். வேளையின் தடை அதன் கசப்பு. கென்யாவில் பாலூற்றிச் சமைத்து இரவு முழுக்க வைத்திருந்து கசப்பைத் தணிப்பார்கள். தாய்லாந்தில் புளிக்கவைத்து ஊறுகாயாக்குவார்கள். எங்கள் மகளிர் குழு முதல் கொதிநீரை வடித்துவிட்டு, துவரம்பருப்போடு புளி கரைத்துக் கடைந்து, பூண்டும் மிளகாய் வற்றலும் தாளித்தது. சந்தை வாசலில் ஒரு கரண்டி சோற்றோடு ருசிக்கக் கொடுத்தோம். சாப்பிட்டவர்களில் வயதானவர்கள் "எங்க அம்மா வைப்பா" என்றார்கள். அப்படிச் சொன்ன பெரும்பாலோர் கட்டு வாங்கிப்போனார்கள்.

கசப்பு பாதி வளர்ப்பில் இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் செடி அவசரமாகப் பூத்துவிடும். இலை சிறுக்கும், கசக்கும். நுனியையும் மொட்டையும் கிள்ளிக்கொண்டே இருந்தால் பக்கக்கிளை அடித்து, பல தடவை பறிக்கலாம். விதை பொடி என்பதால் மணல் கலந்து மேலாகத் தூவ வேண்டும். அறுத்த கையோடு விதைத்தால் சரியாக முளைக்காது, சில மாதம் ஆறப்போட வேண்டும். நெற்று முற்றினால் வெடித்துச் சிதறிவிடும். மஞ்சளிக்கும்போதே பிடுங்கித் துணியில் காயவையுங்கள். இதெல்லாம் எங்களுக்கு ஒரு போகம் வீணான பிறகு தெரிந்தது.

வாடுவதற்குத் தனி வைத்தியம் இல்லை. விடியுமுன் பறிக்க வேண்டும், ஈரச்சாக்கில் சுற்ற வேண்டும், பத்து மணிக்குள் விற்றாக வேண்டும். அதனால் தொலைதூர நகரத்துக் கடையைவிடப் பக்கத்து ஊர்க் கீரைக்காரம்மாவின் கூடைதான் இதற்கு நல்ல சந்தை என்பது என் எண்ணம்.

இன்னொரு சிக்கலை அதிகாரிகள் காதில் போட வேண்டும். 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் இடைத்தரகர் இல்லாமல் உழவரே விற்பதற்காக வந்தது. அடையாள அட்டை வாங்கப் பயிர் செய்யும் நிலத்துக்குச் சான்று வேண்டும். ஆனால் இந்தக் கீரைகளை அடையாளம் தெரிந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் நிலமில்லாத கூலிப் பெண்கள். கீரைக்கு மவுசு வந்தால் நிலமுள்ளவர் கைக்கு லாபம் போய்விடும். எங்கள் குழு தரிசு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தது இதனால்தான்.

விலை வந்தபின் சாலையோரத்திலும் சாக்கடைக் கரையிலும் பிடுங்கி வருவார்கள் என்ற பயமும் இருந்தது. களைக்கொல்லி அடித்த வரப்பு, வண்டிப்புகை படிந்த ஓரம், கழிவுநீர் ஓடுமிடம், இவற்றில் முளைத்ததை எடுப்பதில்லை என்று குழு முடிவு செய்திருக்கிறது. வாங்குகிறவர்களும் எங்கே பறித்தது என்று கேளுங்கள்.

போன மாதம் விலை பேச உட்கார்ந்தோம். அரைக்கீரை விலையே போதும் என்றேன். அந்த அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அஞ்சு ரூவா கூடப் போடுங்க சார்."

"குப்பையில மொளைக்கிறதுக்கா?" என்றேன்.

"அது அப்ப. இப்ப பாத்தி கட்டி, தண்ணி பாய்ச்சி, தெனமும் பூவக் கிள்ளில்ல வளக்கோம்!"